வேடிக்கை பார்க்க ஒரு மேடை

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர்களுக்குப் பெரம்பலூர் என்பது சாலைப் பலகையில் வரும் ஒரு பெயர். நால்வழிச் சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போய்விடுகிறது. ரயிலில் போகிறவர்களுக்கு அரியலூர் ஒரு பிளாட்பாரம். டீ வாங்கிச் சில்லறை எண்ணுவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் சிலர் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் சாத்தனூர்க் கல்மரத்துக்கும் வருவதுண்டு. அவர்களும் படம் பிடித்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். கல்லைப் பார்க்க வந்தவர்களுக்கு மனிதர்களைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

"சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான்" என்றால் நம்மிடையே அது வசை. அந்த வசைக்கு இந்த வட்டாரத்திலேயே நல்ல பதில் இருக்கிறது. 1855-ல் பிறந்த உ. வே. சாமிநாதையரின் இளமைக் காலம் அரியலூர், குன்னம், கார்குடி என்று இந்தப் பக்கத்து ஊர்களில்தான் பெரிதும் கழிந்தது. தகப்பனார் சங்கீதத்தை நம்பிப் பிழைத்தவர். ஆதரிப்பார் உள்ள ஊரில் குடும்பம் தங்கும். பிறகு மூட்டை கட்டும். அரியலூரில் சடகோபையங்காரிடமும் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டது அப்படித்தான். சிந்தாமணியையும் (1887) புறநானூற்றையும் (1894) பதிப்பித்த அந்தப் பெரியவர், 1940-ல் 'என் சரித்திரம்' எழுத உட்கார்ந்தபோது, இளமையில் பழகிய மனிதர்களின் தோற்றமும் பேச்சும் சுபாவமும் வரிசையாக வந்து நின்றன. ஓடுகிற வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தவருக்கு அது வாய்த்திருக்குமா?

இத்தாலிக்காரர்கள் ஊர் நடுவே கல் பாவிய வெளி விட்டு, அதற்குப் பியாஸ்ஸா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குத் தேரடி உண்டு, சந்தைத் திடல் உண்டு. பெரம்பலூருக்கோ ரயில் கிடையாது. ஆகவே பஸ் நிலையமே ஊர்ச் சதுக்கம். அங்கே அரைமணி உட்கார்ந்தால் போதும். சின்ன வெங்காய மூட்டைக்காகக் கண்டக்டரிடம் வாதாடும் சம்சாரி, மூட்டை ஏறாமல் தாம் ஏற மாட்டார். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திறக்கும் நாட்கள். அன்று மாவிளக்குப் பைகளோடு கூட்டத்தின் முகமே மாறியிருக்கும். அரியலூர்ப் பக்கம் வேறு காட்சி. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனதும் டீக்கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியை மறுபடியும் துடைக்கிறார். சிமெண்டு ஆலைகளால் அந்தச் சீமைக்கு வந்த வரவும் செலவும் அந்த ஒரு துடைப்பில் அடக்கம்.

பார்ப்பதற்கும் ஒரு மரியாதை உண்டு. முறைத்துப் பார்ப்பதும், கேட்காமல் செல்போனில் படம் எடுப்பதும் வேடிக்கை பார்ப்பதில் சேராது. பக்கத்தில் இருப்பவர் "எந்த ஊருக்குங்க?" என்று கேட்டால் பதில் சொல்லவும் வேண்டும். அந்தக் கேள்விக்குக் கூச்சப்படுகிறவர் வெளியூர் போகாமலே இருக்கலாம்.

ஆனால் இந்தச் சுகம் யாருக்குக் கிடைக்கிறது? ஆண்பிள்ளை ஒருவன் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஏனென்று கேட்பார் இல்லை. அதே பெஞ்சில் ஒரு பெண் தனியாக இரண்டு பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கட்டும். வேடிக்கை பார்க்க வந்தவளே வேடிக்கைப் பொருளாகிவிடுவாள். அதனால் அவள் போனைப் பார்த்தபடியோ, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதாகப் பாவனை செய்தபடியோ இருக்க வேண்டியிருக்கிறது. பாதி ஊருக்குத் தன் ஊரையே நிதானமாகப் பார்க்கும் உரிமை இல்லையென்றால் அது சின்னக் குறையல்ல.

பெண்கள் அதிகம் உட்காரும் இடத்தில் இன்னொரு பெண் உட்காரத் தயங்க மாட்டாள். அதற்கு நிழல் வேண்டும், வெளிச்சம் வேண்டும், சுத்தமான கழிப்பிடம் வேண்டும், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தாத இடம் வேண்டும். இரண்டு நகராட்சிகளும் முதல் காரியமாக ஒரு வேப்ப மரத்தைச் சுற்றி மேடை கட்டிக் கொடுக்கலாம். சிமெண்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சமில்லை.