காத்து வாங்கப் போறீங்களா? - வீட்டுக்கு ஒரு டயர் இன்ஃப்ளேட்டர் தேவையா, இல்லையா?

"ஏன்டி, வண்டி ஒரு மாதிரி ஆடுது?"

போன நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டாங்க. "ரோடு சரியில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினேன். அந்தத் திருப்பத்தில்தான் பின்சக்கரம் வழுக்கியது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, பஞ்சர் கடை அண்ணன் பின் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு கேஜை வைத்தார். 19 காட்டியது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதில் 36 இருக்கணும் என்று என் வண்டி மேனுவலில் போட்டிருக்கு. "பஞ்சர்லாம் இல்லம்மா. காத்து பார்த்து எத்தனை மாசம் ஆச்சு?" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை.

அன்றைக்கு ராத்திரியே போனில் 'டயர் இன்ஃப்ளேட்டர்' என்று தேடினேன். அவ்வளவுதான். அடுத்த ஒரு வாரத்துக்கு என் இன்ஸ்டா ரீல்ஸ் முழுக்க டார்ச் லைட் சைஸில் ஒரு கறுப்பு மெஷின், டிஜிட்டல் டிஸ்ப்ளே, 'நடுராத்திரி ஹைவேயில் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?' என்ற பயமுறுத்தல். 1,500 ரூபாயில் ஆரம்பித்து 4,000 வரை விதவிதமாக இருக்கு. நான் ரெண்டு வாங்கினேன். ஒண்ணைத் திருப்பி அனுப்பினேன். அந்தக் கதைக்குப் பிறகு வர்றேன்.

திடீர்னு ஏன் எல்லார் கார்ட்லயும் இது?

முதல் காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பெட்ரோல் பங்க்கில் காத்து இலவசம். குடிநீர், கழிவறை மாதிரி, காத்தும் கட்டாயம் தரவேண்டிய வசதி என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்க் உரிமையாளர்களுக்குப் போட்டிருக்கும் விதி. மெஷின் வேலை செய்யலைன்னா அங்கேயே புகார் புத்தகம் கேட்டு எழுதலாம். ஆனா நிஜத்துல? மெஷின் மேல் ஒரு சாக்கு மூடியிருக்கும். இல்லைன்னா ஆள் சாப்பிடப் போயிருப்பார். ஆள் இருந்தாலும், பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்கும்போது "அண்ணா, இன்னும் ரெண்டு பாயின்ட் வைங்க"ன்னு கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

ரெண்டாவது காரணத்தை நான் யோசித்ததே இல்லை, பக்கத்து டெஸ்க் நண்பர் சொல்லும்வரை. அவர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டுகிறார். "நான் பங்க் வாசலை மிதிச்சே ஒரு வருஷம் ஆச்சு" என்றார். யோசிச்சுப் பாருங்க. நம்மில் பெரும்பாலானோர் பெட்ரோல் போடப் போன இடத்தில் போனால் போகுதுன்னு காத்தும் பார்ப்போம். வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்கிறவருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அதுவும் எலெக்ட்ரிக் கார்கள், பேட்டரி எடையால், அதே அளவு பெட்ரோல் கார்களைவிட கனம் அதிகம். டயர் மேல் பாரம் கூடிடுச்சு, டயரைப் பார்க்கும் பழக்கம் குறைஞ்சிடுச்சு.

மூணாவது, ஸ்டெப்னி. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அக்டோபர் 1-லிருந்து அமலுக்கு வந்தது. ட்யூப்லெஸ் டயர், டயர் பிரஷரைக் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ், பஞ்சர் ரிப்பேர் கிட் இவை மூன்றும் இருந்தால், 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் கார்களில் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. எலெக்ட்ரிக் கார்களில் பேட்டரிக்கும், சி.என்.ஜி கார்களில் சிலிண்டருக்கும் இடம் வேணும். கம்பெனிகளுக்கு எடையும் செலவும் மிச்சம். விளைவு, சில புதுக் கார்களின் டிக்கியைத் திறந்தால் அஞ்சாவது சக்கரம் இருக்காது. ஒரு சின்னப் பைதான் இருக்கும். அந்தப் பைக்குள் பெரும்பாலும் ஒயர் வைத்த குட்டி கம்ப்ரஸர் ஒண்ணும் இருக்கும். அதனால் புதுசா கார் வாங்கினவர்கள் ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் டிக்கியை ஒருமுறை திறந்து பார்த்துடுங்க. பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

'எங்க கார்லதான் டி.பி.எம்.எஸ் இருக்கே, லைட் எரியலையே' என்று சொல்பவர்களுக்கு ஒரு குட்டி ஃபிளாஷ்பேக். 2000-ம் வருஷம் ஆகஸ்ட்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் போட்டிருந்தவை. டயர் பிரிந்து கார் உருண்ட விபத்துகளில் பலர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டத்தால்தான் அங்கே 2007 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களில் டி.பி.எம்.எஸ் கட்டாயமானது. ஆனா அந்த விதிப்படி, பிரஷர் 25 சதவிகிதம் குறைந்தால் லைட் எரிந்தால் போதும். 33 இருக்கவேண்டிய டயர் ஏறக்குறைய 25-க்கு வரும்வரை டேஷ்போர்டு சும்மா இருக்கலாம். அது அபாய மணிதான். மாசாமாசம் செய்யவேண்டிய செக்கப்புக்கு அது ஈடாகாது.

150, 6000... இந்த நம்பருக்கெல்லாம் என்ன அர்த்தம்?

'150 பி.எஸ்.ஐ பவர்!' என்று பெட்டியில் பெருசா போட்டிருப்பார்கள். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 30-லிருந்து 35-க்குள்தான் தேவை. பைக், ஸ்கூட்டருக்கும் கிட்டத்தட்ட அதேதான். 150 உங்களுக்கு எப்போதும் தேவைப்படாது. பார்க்கவேண்டியது, மெஷின் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காத்து தள்ளுகிறது என்பதை. இதைப் பலபேர் போடுவதே இல்லை. போடாத மாடலை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இது ஏன் முக்கியம்னா, ஸ்கூட்டர் டயருக்குள் சுமார் 6 லிட்டர் இடம்தான். 14 இன்ச் வீல் உள்ள சின்ன கார் டயரில் 25 லிட்டருக்கு மேல். ரீல்ஸில் ஸ்கூட்டருக்கோ ஃபுட்பாலுக்கோ நொடியில் அடித்துக் காட்டும் அதே மெஷின், முழுசா இறங்கிய கார் டயரோடு மல்லுக்கட்டும்போது மூச்சு வாங்கும். சூடாகும். பல மாடல்களின் மேனுவலிலேயே, எட்டுப் பத்து நிமிஷம் ஓடினால் ரெஸ்ட் கொடுங்கள் என்று பொடி எழுத்தில் இருக்கும். 28-லிருந்து 33 ஆக்குவது வேறு. பூஜ்யத்திலிருந்து 33 ஆக்குவது வேறு. வாங்கும்போது ரெண்டாவதைப் பற்றி ரிவ்யூவில் யாராவது எழுதியிருக்காங்களான்னு தேடுங்க.

பேட்டரியில் இன்னொரு தில்லாலங்கடி இருக்கு. '6000 எம்.ஏ.ஹெச்' என்று போட்டிருக்கும். உள்ளே 2000 எம்.ஏ.ஹெச் செல் மூணு இருந்தா, அதைக் கூட்டிச் சொல்வதும் உண்டு. மெஷினின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் 'வாட் ஹவர்' என்று ஒரு எண் இருக்கும். ரெண்டு மாடலை ஒப்பிட அதுதான் சரியான அளவு. ஒரு செல் 3.7 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர்னா 7.4 வாட் ஹவர். மூணு செல்னா 22.2. சீரியலில் கோத்தாலும் பேரலலில் கோத்தாலும் அதே 22.2தான். எம்.ஏ.ஹெச் மட்டும் 2000, 6000 என்று வேஷம் மாறும்.

அப்புறம் 'மைலேஜ் எகிறும்' கதை. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நாலு டயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவிகிதம் குறையும். மாசம் 5,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடும் கார்க்காரர் 5 பி.எஸ்.ஐ குறைவாக ஓட்டினால் நஷ்டம் 50 ரூபாய். 2,500 ரூபாய் மெஷினின் காசை இப்படி எடுக்க நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரியே தளர்ந்துபோகலாம். டயர் ஓரம் தேய்வது குறையும் என்பதைச் சேர்த்தாலும், பணம் மிச்சமாகும் என்று சொல்லி இதை யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அப்போ எதுக்குத்தான் வாங்கணும்?

அளந்து பார்க்க! காத்து அடிக்கிறது ரெண்டாவது வேலை.

கார், பைக் மேனுவலில் போட்டிருக்கும் பிரஷர் எல்லாமே டயர் ஆறியிருக்கும்போது இருக்கவேண்டியது. அதாவது வண்டி மூணு மணி நேரமாவது நின்றிருக்கணும். நாம் பங்க்குக்கு எப்படிப் போகிறோம்? ஓட்டிக்கிட்டுத்தான். வெயிலில் கொஞ்ச தூரம் ஓடிய டயர் 20 டிகிரி கூடுதலாகச் சூடானால், கார் டயரில் சுமார் 3 பி.எஸ்.ஐ ஏறிக் காட்டும். அந்த நேரத்தில் மெஷின் 33 காட்டினால், மறுநாள் காலையில் நிஜமாக இருப்பது 30தான். சூட்டில் 36 காட்டுதேன்னு யாராவது காத்தை இறக்கிவிட்டால் இன்னும் மோசம். காலையில் வண்டியை எடுக்கும் முன், வாசலிலேயே அளக்கும் வசதி பங்க்கில் எந்தக் காலத்திலும் கிடைக்காது. வீட்டில் ஒரு மெஷின் வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான காரணம் இதுதான்.

அளவு எங்கே இருக்கும்? காரில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில், இல்லைன்னா பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை வைத்து அடிக்கிறவர்களும் இருக்காங்க, வேண்டாம்!

அளப்பதுதான் வேலைன்னா, மெஷின் பொய் சொல்லக் கூடாதே? இங்கேதான் என் முதல் மெஷின் கதை. 1,600 ரூபாய். 36 செட் பண்ணினேன், 36-ல் டக்கென்று நின்றது. சந்தோஷமா பஞ்சர் கடை அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் கேஜில் 30. மூணு தடவை பார்த்தோம். 30, 31, 30. "விளையாட்டுச் சாமான்மா இது" என்றார். மெஷின் ஓடும்போது ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம் டயருக்குள் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். நல்ல மெஷின்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நிற்கும். மட்டமானவை அவசரப்பட்டு நின்றுவிடும்.

அதனால் பார்சல் வந்த அன்றைக்கே, ரிட்டர்ன் பண்ணும் கெடு முடியும் முன், ஒரு சோதனை பண்ணிடுங்க. காத்து அடித்து நின்றதும் ஹோஸைக் கழற்றுங்க. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி மாட்டி, மெஷினை ஓடவிடாமல் என்ன காட்டுதுன்னு பாருங்க. அப்படியே நம்பிக்கையான பஞ்சர் கடை கேஜோடு ஒப்பிடுங்க. 1 வித்தியாசம் சகஜம். எப்போதும் ஒரே மாதிரி 2 குறைவாக இருந்தாகூட சமாளிக்கலாம், 2 கூட்டி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு காட்டினால் திருப்பி அனுப்பிடுங்க. டிஸ்ப்ளேயில் யூனிட்டையும் கவனிங்க. 33 பி.எஸ்.ஐ-யும் 2.3 பாரும் ஒண்ணுதான். தெரியாமல் பட்டனை அமுக்கி யூனிட் மாறிப்போய்க் குழம்பியவர்களில் நானும் ஒருத்தி.

ஸ்கூட்டர்காரர்கள் இன்னொண்ணும் பார்க்கணும். 10 இன்ச் வீலில் வால்வுக்கும் நடுப்பகுதிக்கும் இடையே இடம் ரொம்பக் குறைவு. ஹோஸ் குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் திருகவே முடியாது. நீளமான, வளையும் ஹோஸ் இருக்கும் மாடலாகப் பாருங்க.

வண்டி வீட்டில் கார் மட்டும்தான்னா, கார் சாக்கெட்டில் சொருகும் ஒயர் மாடலே போதும் என்பது என் கருத்து. விலையும் கொஞ்சம் கம்மி. ஆறு மாசம் தொடாமல் வைத்திருந்தாலும் தேவைப்படும் அன்றைக்கு ஓடும். ஸ்கூட்டர், பைக், சைக்கிள் எல்லாம் இருக்கும் வீட்டுக்குத்தான் ஒயர் இல்லாத பேட்டரி மாடல் சரி. சைக்கிள் மட்டும்னா கால் பம்ப் வாங்கி மிதிங்க, உடம்புக்கும் நல்லது. பேட்டரி மாடல் வாங்கினால் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடணும். மே மாசத்தில் காருக்குள் போட்டு வைக்காதீங்க. வெயிலில் நிற்கும் காருக்குள் இருக்கும் சூடு லித்தியம் பேட்டரிக்கு எமன்.

இது பஞ்சரைச் சரிபண்ணாது என்பதையும் சொல்லிடறேன். ட்யூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்தால், அதைப் பிடுங்காமல் காத்து அடித்து மெதுவாகக் கடைவரை போய்விடலாம். ட்யூப் வைத்த டயர்னா அடிக்க அடிக்க இறங்கும். வாராவாரம் ஒரே டயரில் அஞ்சு குறையுதுன்னா, வாராவாரம் அடித்துக்கொண்டே இருக்காதீங்க. எங்கேயோ ஓட்டை இருக்கு.

ரெண்டாவதாக வாங்கிய மெஷின் 2,700 ரூபாய். கேஜோடு ஒப்பிட்டால் 1 கம்மி, அவ்வளவுதான். மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை என் ஸ்கூட்டருக்கும் அப்பாவின் பைக்குக்கும் பார்க்கிறேன். ஒரே பிரச்னை சத்தம். பழைய மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கும். முதல் மாசம் ஆறரை மணிக்கு ஆன் பண்ணினேன், கீழ்வீட்டு அங்கிள் பனியனோடு வெளியே வந்துட்டார். அடுத்த மாசம் எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். அவரே காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, "நமக்கும் கொஞ்சம் பாரும்மா" என்றார். மூணு டயர் 30-க்குப் பக்கத்தில் இருந்தது. நாலாவது 21. போன வாரம்தான் அந்தக் காரில் திருச்சி போய்ட்டு வந்தாராம்.