பார்க்காத படத்தைப் பற்றி இரண்டு நிமிடம்



சென்ற மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை இரவு வேதபாடக் கூட்டம் முடிந்தது. எல்லாரும் தங்கள் குடைகளைத் தேடிக்கொண்டிருக்கையில், நம் சபையைச் சேர்ந்த ஒரு மகள் மட்டும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். மும்பையின் மருத்துவமனை ஒன்றில் ஐந்து ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறவள். தம்பியின் படிப்புக்காக வாங்கிய கடன் அவள் பெயரில் இருக்கிறது. பிரிட்டனில் வேலை கிடைத்தால் அதைத் தீர்த்துவிடலாம் என்று ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். நான்காக மடித்த ஒரு தாளை என்னிடம் நீட்டினாள்.

"ஐயா, இதை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா?"

வாசித்துப் பார்த்தேன். புகழ்பெற்ற ஓர் இந்திப் படத்தின் கதாநாயகனைப் பற்றி ஏறக்குறைய இருநூறு சொற்களில் எழுதப்பட்ட விடை அது. தீபாவளி விடுமுறையில் உறவினரோடு திரையரங்குக்குச் சென்றதாகவும், இறுதிக் காட்சியில் அழுததாகவும், அந்நாள் முதல் அந்தக் கதாநாயகனே தனக்கு முன்மாதிரி என்றும் அதில் எழுதியிருந்தது. இந்தப் பிள்ளையோ பிறந்தது முதல் திரையரங்கின் வாசற்படியை மிதித்தவள் அல்ல.

இத்தேர்வை அறியாத பெற்றோருக்காகச் சிறிது விளக்குகிறேன். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடங்கள் வரை நடக்கும். தேர்வாளர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், நடுவில் ஒரு மேசை, அவ்வளவுதான். முதற்பகுதியில் ஊர், வேலை, பொழுதுபோக்கு என்று எளிய கேள்விகள் வரும். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையைத் தருவார்கள். அதில் உள்ள பொருளைப் பற்றி ஒரு நிமிடம் சிந்தித்து, ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை தனியே பேச வேண்டும். மூன்றாம் பகுதி அதே பொருளை ஒட்டிய விவாதம். இந்த அட்டைகளில் சினிமாக் கதாபாத்திரமும் தொலைக்காட்சி நாடகமும் அவ்வப்போது வரும். "இது வேண்டாம், வேறு அட்டை கொடுங்கள்" என்று கேட்க இயலாது. பிரிட்டனின் செவிலியர் பதிவுக்குப் பேச்சிலும், கேட்டலிலும், வாசிப்பிலும் 7 வேண்டும். எழுத்தில் மட்டும் 2018ஆம் ஆண்டின் இறுதியில் 6.5 ஆகக் குறைத்தார்கள். ஆகவே ஓர் அட்டை தவறிப்போனால் அது சிறிய காரியம் அல்ல. அந்தப் பிள்ளையின் பயம் நியாயமானதே.

பயிற்சி நிலையத்தின் ஆசிரியர் அவளிடம் கூறியது இது: "நீ சொல்வது மெய்யா பொய்யா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தை மட்டுமே பார்ப்பார்கள்." இது உண்மைதான். தடையின்றித் தொடர்பாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சமமான மதிப்பு உண்டு. ஐந்தாவதாக உண்மை என்றொரு கட்டம் அந்தத் தாளில் இல்லை. அந்தக் கட்டம் இல்லாத தாள்கள் நம் வாழ்க்கையில் ஏராளம். வாடகை ஒப்பந்தம் முதல் விடுப்பு விண்ணப்பம் வரை அப்படித்தான். அந்த மகளைத் தூங்கவிடாமல் செய்தது அதுவே.

நம் சபையின் ஒரு மூத்த சகோதரர், "கதை சொல்வது பொய்யாகுமா ஐயா? இதுவும் ஒருவகை நடிப்புப் பயிற்சிதானே?" என்று வாதிட்டார். அந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்து சொன்ன ஆட்டுக்குட்டியின் கதை நடந்த கதை அல்ல. நம் ஆண்டவர் சொன்ன உவமைகளும் அப்படியே. செவிலியர் உள்ளிட்ட மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஓ.இ.டி. என்னும் மற்றொரு தேர்வில், தேர்வு நடத்துகிறவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிக்க, எழுதுகிறவர் செவிலியராகவே இருந்து அவருடன் உரையாட வேண்டும். அங்கே இருவருக்கும் அது நடிப்பு என்று தெரியும், வஞ்சனை இல்லை. ஆனால் "போன தீபாவளிக்கு நான் பார்த்தேன், அழுதேன்" என்று எதிரே இருப்பவர் நம்பும்படி சொல்வது வேறு. உவமை சொன்னவர் எவரும் அதில் தம்மைச் சாட்சியாக நிறுத்தவில்லை.

இதற்கும் அப்பால் ஒன்று உண்டு. இந்த மனப்பாடம் பலிப்பதும் அரிது. நாள்தோறும் பலரின் பேச்சைக் கேட்கும் தேர்வாளருக்கு ஒப்பிக்கும் குரல் சட்டென்று தெரிந்துவிடும். ஒப்பித்த பேச்சு உரிய மதிப்பெண்ணைப் பெறுவதில்லை. மூன்றாம் பகுதியில் அந்தப் படத்தைத் தொட்டு ஒரு கேள்வி வந்தால், பார்க்காதவள் எதைச் சொல்வாள்?

அப்படியானால் நம் பிள்ளைகள் எதைப் பேசுவது? "எங்களுக்கு ஒரு கதாபாத்திரமும் தெரியாது" என்று நாம் சொல்லிக்கொள்வது முழு உண்மையா என்று முதலில் கேட்க வேண்டும். நான் மும்பையில் வளர்ந்தவன். 1987இல் தூர்தர்ஷனில் ராமாயணத் தொடர் தொடங்கியபோது பதின்பருவத்தினன். ஞாயிறு காலை ஆராதனைக்கு நடந்து போகையில் தெருவில் ஆள் இராது. கடைகள் பாதி மூடியிருக்கும். வீட்டுக்கு வீடு ஒரே இசை கேட்கும். 78 பகுதிகளாக அத்தொடர் ஓடியது. ஒன்றையும் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆனாலும் அதில் யார் எந்தக் குரலில் பேசுவார் என்பது இன்றும் நினைவிலிருக்கிறது. அதற்கு முன் 1984இல் வந்த "ஹம் லோக்" என்னும் குடும்பத் தொடரில், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய கதையைப் பற்றி ஓரிரு வார்த்தை பேசுவார். பிரசங்கத்தின் முடிவுரை போல் இருக்கிறதே என்று பிற்பாடு வேதாகமக் கல்லூரியில் நாங்கள் சிரித்தது உண்டு.

அந்த மகளும் சிறிது யோசித்துவிட்டு, "எங்கள் சாலில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர் ஐயா. இரவு பத்தரை ஆனால் துளசியின் குரல் கேட்கும்" என்றாள். 2000 முதல் 2008 வரை ஓடிய "கியோங்கி சாஸ் பீ கபீ பஹு தீ" தொடரின் துளசியைச் சொன்னாள். முகம் பார்க்காமல் குரலை மட்டுமே கேட்டு அறிந்த ஒரு கதாபாத்திரம்! இதையே உள்ளபடி சொன்னால் எந்தத் தேர்வாளரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார் என்றேன். அவள் வெட்கப்பட்டாள். (பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகளுக்குச் சினிமா கூடாது என்று சொல்லிவிட்டு, இரவு எட்டரைக்கு நாம் தொடரின் முன் அமர்ந்தால், அந்த வேறுபாட்டை அவர்கள் நம்மிடம் கேட்பதில்லை, மனதில் எழுதிவைக்கிறார்கள். இப்பொழுது அது கைத்தொலைபேசியிலேயே வந்துவிட்டபடியால், யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எவரும் அறியார்.)

பிறகு அவளே வேறொன்றைச் சொன்னாள். சிறுவயதில் கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திற்குப் போயிருந்தபோது, மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டி "இயேசு" திரைப்படத்தைக் காட்டினார்களாம். லூக்கா சுவிசேஷத்தைத் தழுவி 1979இல் எடுக்கப்பட்டு, இரண்டாயிரத்துக்கும் அதிகமான மொழிகளில் குரல் மாற்றப்பட்ட படம் அது. "அதுவும் படம்தானே ஐயா?" என்றாள். படம்தான். அதில் வரும் பேதுரு ஒரு கதாபாத்திரம்தான். நம் தமிழ் வேதாகமத்தில் பாத்திரம் என்றால் மண்ணாலோ பொன்னாலோ ஆனது. சினிமாக்காரருடைய பாத்திரம் வேறு. சொல் ஒன்றாயிருப்பதால் நமக்கு அந்த அச்சமோ என்னவோ!

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. என் மனைவி கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தாள். முதல் முறை நாற்பது நொடியில் பேச்சு நின்றுவிட்டது. "பேதுரு நல்லவர், தைரியசாலி, பிறகு பயந்தார், பிறகு அழுதார்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நல்லவர் என்னும் சொல் எவரையும் விளக்குவதில்லை. ஆகவே அவர் என்ன செய்தார் என்று சொல்லச் சொன்னோம். முந்திக்கொண்டு பேசுகிறவர், யோசியாமல் வாக்குக் கொடுக்கிறவர், நெருப்பருகே நின்று ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயப்படுகிறவர். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. அவற்றைத் தேடி எழுதிக்கொண்டாள். இன்னொன்றும் சொன்னேன். படக்கதையை ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் சொல்வது வழக்கம்; தான் பார்த்த அனுபவத்தை இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். "ஹீ", "ஷீ" என்பதையும் பதற்றத்தில் மாற்றிவிடுகிறார்கள்.

அப்போது என் மனைவி, "மகளே, அந்த இரவில் வேறு என்ன பார்த்தாய்?" என்று கேட்டாள். காற்றில் துணி அசைந்ததால் பேதுருவின் முகம் நீண்டும் சுருங்கியும் தெரிந்ததாம். அவர் மறுதலிக்கிற இடத்தில் பாட்டி இவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்களாம். சேவல் கூவியபோது ஊரில் இருந்த நாய் ஒன்று குரைக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். பாட்டி மட்டும் சிரிக்கவில்லையாம். இவையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி வந்தபோது இரண்டு நிமிடமும் கடந்து, நாங்கள் கையைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

மூன்றாம் பகுதிக்கு ஆயத்தமாக, மெய்யான மனிதரைப் பற்றிய படம் மெய்யையே காட்ட வேண்டுமா என்று கேட்டேன். கல்லூரியில் ஆசிரியர் ஒருவர் எங்களுக்குக் காட்டிய "சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்" (1981) என் நினைவுக்கு வந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்து, 100 மீட்டரை விட்டுக்கொடுத்து, 400 மீட்டரில் 47.6 நொடியில் தங்கம் வென்ற எரிக் லிடெல்லின் கதை அது. பின்னர் மிஷனரியாகச் சீனாவில் ஊழியம் செய்து, 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மரித்தவர். படத்தில் கப்பல் ஏறும் வேளையில்தான் ஓட்டம் ஞாயிறு என்று அவருக்குத் தெரிய வருகிறது. உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அவர் அறிந்திருந்தார்; அந்த மாதங்களெல்லாம் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். "படத்தில் வருவதைவிட மெய்யானதே எனக்குப் பிடித்திருக்கிறது ஐயா. கப்பலில் ஒரு நிமிடத்தில் முடிவெடுப்பது எளிது, மாதக்கணக்கில் அதிலே நிற்பதுதான் கடினம்" என்றாள். அதையே சொல் என்றேன்.

தேர்வு நாளில் அவளுக்கு வந்த அட்டையோ சினிமாவைப் பற்றியதே அல்ல! வீட்டில் நெடுங்காலமாக வைத்திருக்கும் ஒரு பொருளைப் பற்றியது. தன் தாயாரின் தையல் இயந்திரத்தைப் பற்றிப் பேசினாளாம். முதற்பகுதியில் மட்டும், படம் பார்ப்பது பிடிக்குமா என்று கேட்டார்களாம். "எங்கள் வீட்டில் அந்த வழக்கமில்லை, ஆகவே மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்" என்று சொன்னாளாம். ஏன் என்று கேட்டதற்கு இரண்டு வாக்கியத்தில் காரணம் சொன்னாளாம். தேர்வாளர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பேச்சில் 7 கிடைத்தது. எழுத்தில் 6தான். மறுபடியும் எழுதவிருக்கிறாள், அதற்காகக் கட்டுரை பயிலும்படி இப்போது வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அந்த நான்காக மடித்த தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது.