‘100% ஆர்.டி.ஏ’ என்பது யாருடைய வயிற்றுக்கான கணக்கு? எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வைட்டமின் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஆபரேஷன் முடிந்து நான்கைந்து மாதம் ஆகிறது. பழைய சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. ஆபீஸில் பார்ப்பவர்கள் எல்லாம் ‘எப்படி?’ என்று கேட்கிறார்கள். ஆனால் தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி. அன்று இரவே உங்கள் போனில் பயோட்டின் கம்மி விளம்பரம் வந்து நிற்கிறது. ஸ்ட்ராபெர்ரி சுவை, ‘தினசரித் தேவையில் 100%’, இன்றைக்கே டெலிவரி.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். எடை வேகமாக இறங்கும்போது மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முடி கொட்டுவது பலருக்கும் நடப்பதுதான். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளர்ந்துவிடும். நீண்ட நாள் நீடித்தால் முதலில் பார்க்க வேண்டியது புரதம், இரும்பு, துத்தநாகம். பயோட்டின் குறைபாடு அரிதானது. அதோடு, அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனை முடிவுகளையே தவறாகக் காட்டிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க எடுக்கும் ட்ரோபோனின் டெஸ்ட்டும் அதில் அடக்கம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017-லேயே எச்சரித்தது.

முடிப் பிரச்சினையை விடப் பெரிய விஷயம் அந்த ‘100%’. அது யாருக்கான நூறு?

வயிறு மாறிவிட்டது, லேபிள் மாறவில்லை

இந்தியாவில் அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் அறுவை சிகிச்சை. இதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. உணவு கொள்ளும் இடம் மட்டுமல்ல, அமிலம் சுரக்கும் செல்களும் அதோடு சேர்ந்து போகின்றன. பி12 உடலுக்குள் போகத் துணை நிற்கும் ‘இன்ட்ரின்சிக் ஃபேக்டர்’ என்ற புரதத்தைச் சுரப்பவையும் அதே செல்கள்தான். பைபாஸ் என்றால் கதை இன்னும் ஒரு படி மேலே. இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படும் சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலேயே உணவு கடந்து போய்விடும். மினி பைபாஸும் இதே வகைதான். பெயரில் ‘மினி’ இருக்கிறதே என்று சத்துக்குறைபாடும் மினியாக இருக்கும் என நினைக்க வேண்டாம்.

இதில் இந்தியர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நாம் ஆபரேஷன் டேபிளில் படுப்பதற்கு முன்பே கையிருப்பு குறைவு. 2016-18-ல் எடுக்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 31 சதவீதம் பேருக்கு பி12 குறைபாடு இருந்தது. அன்றைக்கு அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் பலர் இன்று இருபதுகளில், வேலையில், ஒருவேளை இதை வாசித்துக்கொண்டு இருக்கிறார்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் இது 53.4 சதவீதம். அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். ரத்தசோகையும் பருமனும் வேறு வேறு ஆட்களின் நோய் என்று நினைத்துவிடுகிறோம். இவ்வளவு பெரிய இரண்டு எண்கள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்

என் தொழில் பழக்கம், எதையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்ப்பது. ஒரு பக்கம் ஐ.சி.எம்.ஆர் 2020-ல் வெளியிட்ட ஆர்.டி.ஏ, அதாவது ஆரோக்கியமான ஒருவருக்கான தினசரிப் பரிந்துரை. இன்னொரு பக்கம் அமெரிக்க பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை சங்கம் 2016-ல் புதுப்பித்த வழிகாட்டுதல். பல நாட்டு டாக்டர்களும் உணவியல் நிபுணர்களும் எடுத்துப் பார்க்கும் ஆவணம் அது.

கால்சியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கே 1,000 மில்லிகிராம், அங்கே ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் 1,200 முதல் 1,500. இரும்பில், நம் பெண்களுக்கு ஏற்கெனவே 29 மில்லிகிராம் என்று அதிகமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மாதவிடாய் இருக்கும் பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் 45 முதல் 60. வைட்டமின் டி 600 ஐ.யு-விலிருந்து 3,000-க்கு, அதாவது ஐந்து மடங்கு ஏறுகிறது. பி1 என்கிற தயமின் ஒன்றரை மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இருந்து குறைந்தது 12-க்குப் போகிறது.

பி12-ல்தான் ஆச்சரியம். இங்கே சுமார் 2 மைக்ரோகிராம். அங்கே குறைந்தது 350. குறைந்தபட்சத்தை எடுத்தாலே சுமார் 150 மடங்கு. தட்டச்சுப் பிழையோ என்று தோன்றும். இல்லை. இன்ட்ரின்சிக் ஃபேக்டரின் துணை கிடைக்காதபோது, விழுங்கும் பி12-ல் சுமார் ஒரு சதவீதம்தான் தானாகக் கசிந்து ரத்தத்துக்குள் போகும். 350-ல் ஒரு சதவீதம் மூன்றரை. தேவையை ஒட்டி வந்து நிற்கிறது பாருங்கள், அவ்வளவுதான் கணக்கு.

அப்படியென்றால் கடையில் கிடைக்கும் டப்பாக்களில் ஏன் இந்த அளவு இருப்பதில்லை? ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. இது சட்டத்தின் விளைவு. இந்தியாவில் ஒரே ‘மல்டிவைட்டமின்’ இரண்டு வழியாகச் சந்தைக்கு வரலாம்: உணவு உரிமத்தில், அல்லது மருந்து உரிமத்தில். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் கொண்டுவந்த ஊட்டச்சத்துப் பொருள்களுக்கான விதிமுறை, சேர்க்கப்படும் சத்தின் அளவு ஐ.சி.எம்.ஆரின் ஆர்.டி.ஏ-வைத் தாண்டக் கூடாது என்றது. ஆரோக்கியமான ஆள் அள்ளிச் சாப்பிட்டுக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் முக்கால் இரைப்பை இல்லாத ஒருவர் அதே டப்பாவை எடுப்பார் என்று அந்த விதி யோசிக்கவில்லை. அந்த வகை லேபிளிலேயே ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். யாரும் படிக்காத வரி. உங்களுக்கு அதுதான் முக்கியமான வரி.

ஆகவே டப்பாவைத் திருப்புங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருந்தால் அது உணவு. மருந்து தயாரிப்பு உரிம எண் இருந்தால் அது மருந்து. முதலாவது மட்டமானது, இரண்டாவது உயர்ந்தது என்று இல்லை. ஆனால் முதலாவதை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் பி12-ம் தயமினும் பெரும்பாலும் போதாது. முன்பக்கத்தில் ‘பேரியாட்ரிக்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தாலும் பின்பக்க எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

1,000 என்று போட்டிருந்தால் 1,000 இல்லை

அடுத்த குழப்பம் கால்சியத்தில். ‘கால்சியம் சிட்ரேட் 1,000 மில்லிகிராம்’ என்ற மாத்திரையில் கால்சியம் எவ்வளவு? சுமார் 210 மில்லிகிராம். மற்றதெல்லாம் சிட்ரேட்டின் எடை. கார்பனேட்டில் கால்சியம் 40 சதவீதம், அதனால் 1,250 மில்லிகிராம் கார்பனேட் மாத்திரையில் 500 கிடைக்கும். லேபிளில் ‘எலிமென்டல்’ என்ற சொல்லைத் தேடுங்கள். டாக்டர் சொல்லும் அளவு அந்தக் கணக்குத்தான். இரும்புக்கும் இதே கதை.

அப்போ கார்பனேட்டே லாபம்தானே? அங்கேதான் சிக்கல். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். உங்களுக்கு அமிலமே குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு பான்டோப்ரசோல் மாதிரி அமிலக் குறைப்பு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்னும் குறைவு. சிட்ரேட்டுக்கு அமிலம் தேவையில்லை, வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். ஆனால் 1,200-ஐ எட்ட ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை விழுங்க வேண்டிவரும். நல்லவேளை, அந்த 1,200 என்பது எல்லா வழியிலும் சேர்த்து வர வேண்டிய அளவு. பால், தயிர், கேழ்வரகில் கிடைப்பதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மாத்திரை போதும். அந்தக் கழித்தலை நீங்களாகப் போடாமல் உணவியல் நிபுணரோடு உட்கார்ந்து போடுங்கள்.

ஒரே வேளையில் 500, 600-க்கு மேல் உடல் கால்சியத்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாது. அதனால் பிரித்துத்தான் சாப்பிட வேண்டும். கால்சியமும் இரும்பும் ஒன்றுக்கொன்று வழிமறிக்கும், இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். இரும்புக்கு காபியும் டீயும் ஆகாது. காலையில் எழுந்ததும் ஃபில்டர் காபி இல்லாமல் முடியாதவர்கள் இரும்பை இரவுக்குத் தள்ளிவிடுவதுதான் நடைமுறையில் நிற்கும். நைட் ஷிஃப்ட் காரர்கள் இதைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளலாம். மணிக்கணக்கு முக்கியமில்லை, இடைவெளிதான் முக்கியம்.

வைட்டமின் டி-யில் நேர் எதிரான ஆபத்து. நம் மருந்துக்கடைகளில் சர்வசாதாரணமாகக் கிடைப்பது 60,000 ஐ.யு சாஷே அல்லது கேப்சூல். வாரம் ஒன்று என்று எழுதித் தருவார்கள், அதுவும் சில வாரங்களுக்கு, குறைபாட்டைச் சரிசெய்ய. நாளொன்றுக்கு 3,000 என்றால் வாரத்துக்கு 21,000-தான் ஆகிறது. வாரம் ஒரு சாஷேயே அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைத் தினமும் பாலில் கலந்து குடித்துவிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனை இல்லாமல் நீங்களாக நீட்டித்துக்கொண்டே போகக் கூடாத ஒன்று இது.

துத்தநாகமும் அப்படித்தான். முடிக்காக என்று 50 மில்லிகிராம் மாத்திரையை மாதக்கணக்கில் எடுத்தால் உடலில் தாமிரம் குறையும். தாமிரம் குறைந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பார்ப்பதற்கு பி12 குறைபாடு மாதிரியே இருக்கும். வழிகாட்டுதல் சொல்வது, 8 முதல் 15 மில்லிகிராம் துத்தநாகத்துக்கு 1 மில்லிகிராம் தாமிரம். ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் மாத்திரையிலும் கவனம் வேண்டும். அது ரத்தசோகையைச் சரிசெய்து பி12 குறைபாட்டை மறைத்துவிடும், உள்ளே நரம்பு பாதித்துக்கொண்டே இருக்கும்.

கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். அப்போது மல்டிவைட்டமினில் வைட்டமின் ஏ எந்த வடிவில் இருக்கிறது என்று டாக்டரிடம் காட்டுங்கள். ரெட்டினால் வடிவம் அதிகமானால் கருவுக்கு ஆபத்து. பீட்டா கரோட்டின் பாதுகாப்பானது.

வாந்தி நிற்கவில்லை என்றால்

பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருக்கும். தயமின் அப்படியில்லை, கையிருப்பு இரண்டு மூன்று வாரம்தான். ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் வாந்தி தொடர்ந்து வந்து, மாத்திரையும் உள்ளே தங்கவில்லை என்றால் அந்தச் சேமிப்பு வேகமாகக் காலியாகும். குழப்பம், பார்வை இரட்டையாகத் தெரிவது, நடக்கும்போது தள்ளாட்டம் எல்லாம் மூளை பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். வெர்னிக்கே என்சஃபலோபதி என்பார்கள். தாமதித்தால் ஞாபக மறதி நிரந்தரமாகிவிடலாம்.

சோர்வாக இருக்கிறதென்று தெருமுனை கிளினிக்கில் போய் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வது நமக்குப் பழக்கம். இந்த ஒரு சூழ்நிலையில் அது ஆபத்து. தயமின் இல்லாத உடலுக்குள் குளுக்கோஸ் போனால் மிச்சமிருக்கும் தயமினையும் அது தின்றுவிடும். ‘எனக்கு பேரியாட்ரிக் சர்ஜரி ஆகியிருக்கு, வாந்தி நிக்கல, முதல்ல தயமின் போடுங்க’ என்று நீங்களோ கூட வருபவரோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த வாக்கியம் தெரிந்திருக்கட்டும்.

செலவு யார் தலையில்?

2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உடல்நலக் காப்பீட்டு விலக்குகளுக்குப் பொதுவான வாசகத்தை வகுத்தது. அதன்படி பி.எம்.ஐ 40-ஓ அதற்கு மேலோ, அல்லது கட்டுப்படாத சர்க்கரை நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா போன்ற நோய்களோடு 35-ஓ அதற்கு மேலோ இருந்தால், டாக்டர் பரிந்துரைக்கும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை விலக்கில் வராது. அதே பட்டியலில் இன்னொரு வாசகம்: சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய வைட்டமின், தாதுக்களுக்குப் பணம் கிடையாது, ஆஸ்பத்திரி சிகிச்சையின் பகுதியாக டாக்டர் எழுதியிருந்தால் தவிர. ஆக, ஒருநாள் ஆபரேஷனுக்குக் கதவு திறக்கிறது. அந்த ஆபரேஷன் ஆயுள் முழுக்கக் கேட்கும் மாத்திரைக்கு மூடிக்கொள்கிறது. பேக்கேஜ் விலை பேசும்போது ஆஸ்பத்திரியும் இதைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஜன் ஔஷதி கடைகளில் கால்சியம், பி காம்ப்ளெக்ஸ் போன்றவற்றின் ஜெனரிக் வகைகள் கிடைக்கின்றன. எலிமென்டல் அளவும் வடிவமும் சரியாக இருந்தால் பிராண்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

முதல் ஆண்டில் மூன்று, ஆறு, பன்னிரண்டாவது மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆபீஸில் தரும் ‘ஃபுல் பாடி செக்கப்’பை நம்பி இருந்துவிடாதீர்கள். ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, அது இறங்குவதற்கு வெகு முன்பே ஃபெரிட்டின் இறங்கிவிடும்.

நடைமுறையில் பலர் நழுவுவது மூன்றாவது, நான்காவது ஆண்டில். எடை நிலைத்துவிடும். வேலை மாறி பெங்களூரிலிருந்து புனேவுக்கோ குருகிராமுக்கோ போயிருப்பீர்கள், பழைய டாக்டர் தொடர்பில் இருக்க மாட்டார். பி12 சேமிப்பு தீர்ந்து, விரல் நுனி மரத்துப்போகத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். புதிய ஊர் டாக்டரோ லேப்டாப்பில் ரொம்ப நேரம் வேலையா என்று கேட்பார். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த வகை ஆபரேஷன், எந்தத் தேதி என்று எழுதியிருக்கும் பக்கத்தை இன்றைக்கே போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.