கழை தின்ற யானை எங்கே?

ஆடிப் பதினெட்டில் ஓரி விழாவுக்குக் கொல்லிமலை போகாதீர்கள், கூட்டம் தாங்காது என்று வீட்டில் சொன்னார்கள். போனேன். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பொறுத்துக்கொண்ட வயிறு, செம்மேட்டில் ஒரு பிளெக்ஸைப் பார்த்ததும் புரட்டியது. கீழேயிருந்து வந்த ஏதோ ஓர் இலக்கிய அமைப்பு வைத்தது. இந்த மலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரி ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு நிற்கிறார். மிச்ச இடமெல்லாம் கவிஞர்கள். கவிச்சுடர், கவிவேழம், கவிமாமலை. கூலிங்கிளாஸ் போட்ட ஒருவரும் உண்டு. அத்தனை பேரில் ஒருவர் எழுதிய ஒரு வரிகூட அதில் இல்லை.

பொன்னாடையையும் பட்டங்களையும் பற்றி நான் புலம்பியதில் இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்கள் களைத்துப்போயிருப்பீர்கள். இருந்தாலும் கேளுங்கள். ஓரியின் மலையில் இதைச் செய்யலாமா?

ஓரி யார் என்று புறநானூற்றில் வன்பரணர் சொல்லியிருக்கிறார். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போகிறது. எய்தவன் யாரென்று பாணர் கூட்டத்துக்குத் தெரியவில்லை. ஓரியைப் புகழ்ந்து பாடுகிறார்கள். தன் பெயர் காதில் விழுந்ததும் வேட்டுவன் நாணிப்போகிறான். அந்தக் காட்டிலேயே இறைச்சியும் தேறலும் கொடுத்து, மலையில் கிடைத்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். தன் பெயரைக் கேட்டுக் கூசியவனுக்குத்தான் இந்த விழா.

விழாவைப் பற்றி எழுதத்தான் ஆசிரியர் அனுப்பினார். அதையும் சொல்லிவிடுகிறேன்: வில்வித்தைப் போட்டி இருந்தது, மலர்க் கண்காட்சி இருந்தது, அறப்பளீஸ்வரர் கோயிலில் நிற்க இடமில்லை, அன்னாசி மலிவு. போதும்.

பையில் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் இருந்தார். வழக்கம்போல என்பீர்கள். ஆம், வழக்கம்போலத்தான். பிளெக்ஸ் பார்த்த கண்ணைக் கழுவ அவரைவிட்டால் வேறு யார்? 1830இல் ஆம்ஹர்ஸ்டில் பிறந்து, 1886இல் அதே ஊரில், பிறந்த அதே வீட்டில் இறந்தவர். எழுதியவை சுமார் 1,800 கவிதைகள். உயிரோடிருந்தபோது அச்சேறியவை பத்துக்குப் பக்கம். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. 1878இல் பாஸ்டனில் ஒரு நூல் வரிசையில் ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. கவிதைகளுக்குக் கீழே யார் பெயரும் கிடையாது. அதுதான் அந்த வரிசையின் விதியே. ஹெலன் ஹன்ட் ஜாக்சன் என்ற தோழியின் நச்சரிப்புக்கு இணங்கி எமிலி ஒரு கவிதை கொடுத்தார். அதை எமர்சன் எழுதியது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். ஒரு தொகுப்பு முழுக்கப் பெயரே இல்லை! நம் ஊரில் இதை அச்சுக்கோக்கக்கூட ஆள் கிடைத்திருக்காது.

அவர் இறந்தபின் தங்கை லவினியா, அக்கா சொன்னபடியே அவருக்கு வந்த கடிதங்களை எரித்தார். கவிதைகளைப் பற்றி அக்கா எதுவும் சொல்லி வைக்கவில்லை. கையால் தைத்த நாற்பது சிறு ஏடுகள் கிடைத்தன. மேபல் லூமிஸ் டாட், ஹிக்கின்சன் என்ற இருவர் 1890இல் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். டாட் அந்த வீட்டுக்குப் போய்ப் பியானோ வாசித்தவர். ஆனால் எமிலியை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. தலைப்பில்லாத கவிதைகளுக்குத் தலைப்பு வைத்தார்கள், எமிலி வரிகளுக்கு நடுவே போட்ட கோடுகளை எடுத்தார்கள், இயைபைச் சீர்செய்தார்கள். எழுதியது எழுதியபடி மொத்தமாக அச்சில் வர 1955இல் தாமஸ் ஜான்சன் வரவேண்டியிருந்தது. நான் தூக்கிச் சுமப்பது ஜான்சனின் பதிப்பைத்தான்.

எமிலி என்றதும் எல்லாரும் வெள்ளை உடையையும் மூடிய கதவையும்தான் பேசுகிறார்கள். அதுவும் ஒரு பிளெக்ஸ்தான். பதின்வயதில் எடுத்த ஒரே படத்தை எல்லா அட்டையிலும் போட்டாயிற்று. கதவுக்குப் பின்னாலிருந்தபடி அவர் எழுதிய கடிதங்களில் கிடைத்தவையே ஆயிரத்துக்கு மேல். அவற்றோடு கவிதைகளும் போயின. பக்கத்து வீட்டிலிருந்த அண்ணன் மனைவி சூசனுக்கு மட்டும் இருநூற்றைம்பது அளவில் போயிருக்கின்றன. ஒளிந்துகொண்டவர் செய்கிற வேலையா இது? யார் படிக்க வேண்டும் என்று அவர் ஆள் பார்த்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

எமிலியின் முதல் புத்தகம் வந்து நான்கு வருடம் கழித்து, 1894இல், உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டார். அதில் 204ஆம் பாட்டு ஓரியைப் பாடியது. அதைப் பாடிய புலவரும் ஓர் ஆளிடம்தான் சொல்லியிருக்கிறார், நேருக்கு நேர். இரப்பது, மறுப்பது, கொடுப்பது, கொடுத்ததை வேண்டாம் என்பது ஆகிய நான்கையும் தராசில் வைக்கும் அதன் தொடக்கம் பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது பின்பாதி. கடல் எவ்வளவு பெரியதானாலும் தாகமெடுத்தவன் அங்கே போவதில்லை. மாடு இறங்கிக் கலக்கிய சேற்றுக் குட்டைக்குத்தான் வழித்தடங்கள் விழுகின்றன. பரிசில் கிடைக்காவிட்டால் புறப்பட்ட நேரத்தையும் புள் நிமித்தத்தையும் நொந்துகொள்வார்களாம். உன்மேல் எனக்கு வருத்தமில்லை, நீ வாழ்க என்கிறார். வாழ்த்துக்குள் முள் வைத்திருக்கிறார் மனிதர். வள்ளலிடம் இப்படிப் பேச இன்று எந்தக் கவிமாமலைக்குத் துணிச்சல் உண்டு?

பாடியவர் கழைதின் யானையார். அது பெற்றோர் வைத்த பெயராக இருக்க முடியாது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போல, பாட்டில் வந்த ஒரு தொடரைப் பிடித்துப் பின்னால் வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் இருவரின் பாட்டிலும் அந்தத் தொடர் இருக்கிறது. 204இல் கழையும் இல்லை, யானையும் இல்லை. இவர் பெயரில் நமக்குக் கிடைத்திருப்பதோ அந்த ஒரு பாட்டு. அப்படியானால் மூங்கில் தின்னும் யானை வேறொரு பாட்டில் நின்றிருக்கிறது என்பது என் ஊகம். கவிஞரின் சொந்தப் பெயரே மறந்துபோகும் அளவுக்கு அந்த யானை கேட்டவர்களைப் பிடித்திருக்கிறது.

அந்தப் பாட்டு எங்கே போயிற்று? தொகுத்தவர்கள் யானையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு பாட்டை விட்டுவிட்டார்களே என்று இந்த வாரம் முழுக்க எரிச்சல். புறநானூற்றில் 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை; அவற்றில் ஒன்றாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. மூங்கில் தின்னும் யானைக்குப் புறத்தில் என்ன வேலை, அது அகப்பாட்டாகத்தான் இருந்திருக்கும் என்பார் என் தமிழ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் இதற்காகச் சண்டை போடப்போகிறேன். யார் ஜெயித்தது என்று அடுத்த வாரம் சொல்கிறேன்.