கடைமடை இல்லாத சாம்ராஜ்யம்

சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டில் எல்லாம் இருக்கிறது. கடைமடை மட்டும் இல்லை. பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு எது முதலில் கண்ணில் படும்? அந்த விளையாட்டில் இப்போது சோழர்களும் வந்துவிட்டார்கள் என்று நம் பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். என் பங்குக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1991-ல் வெளியிட்டது இது. சிட் மெயர், புரூஸ் ஷெல்லி என்ற இருவர் உருவாக்கியது. கி.மு. 4000-ல் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு ஆரம்பிப்பீர்கள். சுற்றிலும் இருட்டு; நடக்க நடக்கத்தான் நிலம் தெரியும். நகரம் அமைக்க வேண்டும், எழுத்தும் சக்கரமும் கண்டுபிடிக்க வேண்டும், அண்டை நாட்டோடு உறவோ பகையோ வளர்க்க வேண்டும். மற்ற எல்லோரையும் வென்றால் ஜெயம். அல்லது ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத்துக்கு விண்கலம் அனுப்பினாலும் ஜெயம். சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது, அவசரமே கிடையாது. அதுதான் ஆபத்தும். ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று சொல்லிச் சொல்லி விடிந்துவிடும்.

எனக்கு இது வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில், இரண்டாம் பாகமாக. என் அண்ணன் மகன் அப்போது இன்ஜினீயரிங் மாணவன். “சித்தப்பா, இதுல நீங்க வாய்க்கால் எல்லாம் வெட்டலாம்” என்று ஆசை காட்டி ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து போட்டான். வெட்டினேன். ஆற்றை ஒட்டிய கட்டத்தில் ஆளை நிறுத்தி உத்தரவு போட்டால் சில முறைகளில் பாசனம் தயார். அங்கிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு இழுக்கலாம், அதிலிருந்து அதற்கடுத்ததுக்கு. கண்டம் முழுக்க இழுத்துக்கொண்டே போனாலும் முதல் கட்டத்தில் ஒரு சொட்டுக் குறையாது. கடைசிக் கட்டத்துக்கும் அதே தண்ணீர், அதே விளைச்சல்.

டெல்டாவில் ஒரு பருவம் இருந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கற்பனை என்று புரியும். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்துவிட்டதாக மறுநாள் பேப்பரில் படம் வரும். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறு ஆறாகப் பிரிந்து, கிளை வாய்க்காலாகி, நாகப்பட்டினம் பக்கத்துக் கடைசி வயலைத் தொடுவதற்குள் எத்தனை மதகு, எத்தனை ஷட்டர், எத்தனை கட்சிக்காரர்! தலைமடைக்காரர் இரண்டு பலகையைச் சேர்த்துப் போட்டால் கீழே ஒரு கிராமமே காயும். ராத்திரி எங்கள் துறையின் மதகுப் பணியாளர் லஸ்கர் ஷட்டரைச் சரிசெய்துவிட்டு வந்தால், விடிவதற்குள் யாரோ திரும்ப ஏற்றியிருப்பார்கள். கடைமடைக்காரர் மறியலில் உட்காருவார். நாங்கள் சமாதானம் பேசப் போவோம். எங்கள் வேலையில் பாதி தண்ணீரை அளப்பது, மீதி மனிதர்களிடம் பேசுவது.

நாட்டுக்கு நாடு என்று பார்த்தாலும் அப்படித்தான். சென்னை மாகாணமும் மைசூரும் காவிரிக்காக 1892-ல் ஒப்பந்தம் போட்டன, 1924-ல் இன்னொன்று. நடுவர் மன்றம் 2007-ல் இறுதித் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018-ல் தமிழ்நாட்டின் பங்கை 177.25 டி.எம்.சி. என்று குறைத்து நிர்ணயித்தது. இவ்வளவுக்கும் பிறகு ஒவ்வொரு வறட்சி ஆண்டிலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம். சிவிலைசேஷனில் அண்டை நாட்டோடு பொன் பேசலாம், குதிரை பேசலாம், எல்லை திறந்துவிடப் பேசலாம். ஆற்றுத் தண்ணீர் பேச இடமே வைக்கவில்லை.

விளையாட்டுத்தானே, இதற்குப் போய் இவ்வளவா என்பீர்கள். நான் அதை மட்டமாக நினைத்திருந்தால் இத்தனை வருஷம் பாகம் பாகமாக ஆடியிருக்க மாட்டேன். அதில் பெரிய புத்திசாலித்தனம் இருக்கிறது. தொழிற்சாலைப் புகை சேர்ந்து சேர்ந்து பூமி சூடாகி விளைநிலம் கெடும் என்பதை 1991-லேயே, முதல் பாகத்திலேயே வைத்துவிட்டார்கள். அன்றைக்கு நம் பாடப் புத்தகத்தில் அது ஒரு பத்தியாகவாவது இருந்ததா? ஆறாம் பாகத்துக்கு 2019-ல் வந்த விரிவாக்கத்தில் கடல் மட்டம் ஏறினால் தாழ்வான கரையோரக் கட்டங்கள் முழுகிப்போகும். இரண்டாம் பாகத்தின் ஒரே ஆட்டத்தைப் பத்தாண்டுகளாக விட்டு விட்டு ஆடிய ஒருவர், தன் உலகம் என்ன ஆனது என்று 2012-ல் வெளியே சொன்னார். கி.பி. 3991, மிஞ்சியவை மூன்று வல்லரசுகள், 1,700 ஆண்டுகளாக ஓயாத போர், துருவப் பனி திரும்பத் திரும்ப உருகி, நிலமெல்லாம் சதுப்பு. ஜனநாயகத்தை எப்போதோ கைவிட்டதற்கு அவர் சொன்ன காரணம், செனட் சபை போரைத் தடுத்துக்கொண்டே இருந்தது என்பதுதான். எந்த அரசியல் மேடையிலும் இவ்வளவு நேர்மையான வாக்குமூலம் நான் கேட்டதில்லை.

ஆக, விளைவுகளைக் காட்டுவதில் கஞ்சத்தனம் இல்லை. என் குறை வேறு. அந்த உலகத்தில் சிம்மாசனம் ஒன்றுதான் உட்காரும் இடம். நகரத்தில் களஞ்சியமா கோவிலா என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். உழவன் எந்தக் கட்டத்தில் உழ வேண்டும் என்பதையும் நீங்கள்தான். மக்கள் திருப்தியாக இருப்பார்கள், அல்லது கலகம் செய்வார்கள். “எங்க ஊர் ஏரிய நாங்க பாத்துக்கிறோம், நீங்க போங்க” என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் ஆட்சிக்கு வெளியே இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். காட்டோரத்தில் சில குடிசைகள் தெரியும். உங்கள் வீரன் அங்கே கால் வைத்ததும் கொஞ்சம் பொன்னோ ஒரு வித்தையோ கையில் கிடைக்கும். குடிசைகள் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? ஆடுகிற யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமில்லை, அடுத்த முறை வந்துவிடுகிறது.

கனடாவில் கேட்டார்கள். ஆறாம் பாகத்தின் முதல் விரிவாக்கத்தில் கிரீ பழங்குடி மக்களின் தலைவர் பவுண்ட்மேக்கரைச் சேர்ப்பதாக 2018 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 1885-ல் தேசத் துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைக்கப்பட்டு, மறு ஆண்டே இறந்தவர். அவர் பெயரிலேயே இருக்கும் சமூகத்தின் பிரதிநிதி மில்டன் டூட்டூசிஸ் எதிர்ப்புத் தெரிவித்தார். பிறர் நிலத்தைப் பிடித்து ஆள்வது எங்கள் மக்களின் எண்ணமாக இருந்ததே இல்லை, காலனிக்காரர்களின் ஆசையை எங்கள் தலையில் ஏற்றுகிறீர்கள் என்பது அவர் வாதம். சரியான வாதம். அதன்பின் ஏழாம் பாகத்துக்கு ஷானி பழங்குடியினரைச் சேர்க்கும்போது அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் செய்தார்கள். அந்த அளவுக்கு நல்லது.

காந்திக்கும் இதே கதிதான். முதல் ஆறு பாகங்களிலும் இந்தியாவின் சக்கரவர்த்தி அவர். நிரலில் நேர்ந்த ஒரு பிழையால் அவர் அணுகுண்டு வீசும் வெறியராக மாறினார் என்று உலகம் முழுக்க ஒரு கதை உலவியது. அப்படிப் பிழையே இல்லை என்று சிட் மெயர் 2020-ல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார். ஆனால் ஐந்தாம் பாகத்தில் வேண்டுமென்றே, நகைச்சுவைக்காக அவருக்கு அணுகுண்டு ஆசையை ஏற்றிவைத்தார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆளுக்கொரு சிம்மாசனம் என்று விதி வைத்துவிட்டுக் காந்தியைக் கூப்பிட்டால் அவரை வேறு என்னதான் செய்வது?

இப்போது சோழர். 2025 பிப்ரவரியில் ஏழாம் பாகம் வந்தது. அண்ணன் மகன் போன் போட்டான். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. “சித்தப்பா, ராஜராஜன் கோயில உலக அதிசயமா வச்சிருக்காங்க!” குரலில் அவ்வளவு பெருமை. எனக்கும் சந்தோஷம்தான். கடல் வணிகத்தைச் சோழரின் பலமாக வைத்திருப்பது சரியான முடிவு என்றே சொல்வேன். ஐந்நூற்றுவர் வணிகக் குழு சுமத்ராவின் பாரூஸ் கரையில் 1088-ல் தமிழில் கல்வெட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறதே.

ஆனால் இந்தப் பாகம் வந்தபோது ஒரு புது ஏற்பாடு இருந்தது. யுகம் மாறும்போது நாகரிகமும் மாற வேண்டியிருந்தது. இந்தியப் பாதை என்று வைத்திருப்பது மௌரியர், பிறகு சோழர், பிறகு முகலாயர். பாடலிபுத்திரத்தில் தொடங்கித் தஞ்சாவூர் வழியாக டெல்லிக்குப் போகிற ரயில் எதுவும் எனக்குத் தெரிந்து ஓடவில்லை. அசோகரின் பாறைக் கல்வெட்டுகளே சோழரையும் பாண்டியரையும் தன் எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் என்றுதான் சொல்கின்றன.

அதைவிடப் பெரிய விஷயம், எந்தச் சோழர் என்பது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1930-களில் சோழரைப் பற்றி எழுதியபோது, மேலே வலுவான பேரரசும் கீழே தன் காரியத்தைத் தானே பார்க்கும் ஊர்ச் சபைகளும் இருந்ததாகக் காட்டினார். 1980-ல் பர்ட்டன் ஸ்டைன் வந்து, ராஜாவின் கை உண்மையில் எட்டியது காவிரிக் கரையின் நடுப்பகுதி வரைதான், மற்ற வட்டாரங்களில் அது பெயரளவுக்கே என்றார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் அதிகாரிகளையும் வரிகளையும் எண்ணி எண்ணிப் பார்த்து, இல்லை, ராஜராஜன் காலத்திலிருந்து நிர்வாகம் இறுகிக்கொண்டுதான் வந்தது என்று காட்டினார்கள். இந்தச் சண்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விளையாட்டோ சண்டையே போடாமல் தீர்ப்பு எழுதிவிட்டது: ராஜாவின் கை எட்டாத இடமே கிடையாது.

ராஜராஜனும் விளையாட்டுக்காரனின் கண்ணோடுதான் நிலத்தைப் பார்த்தான் என்பதை மறைக்க வேண்டாம். நாட்டை அளந்தான், வேலி என்ற நில அளவின் நுண்ணிய பின்னம் வரைக்கும். பெரிய கோவில் கல்வெட்டுகளில் ஊர் ஊராக மொத்த நிலம் எவ்வளவு, வரி இல்லாத நிலம் எவ்வளவு, கழித்தால் கோவிலுக்கு வரும் நெல் எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. விளைச்சல் வருகிற கட்டம், வராத கட்டம். கழித்த பட்டியலில் ஊர் நத்தமும் குளமும் சுடுகாடும் வரும். பறைச்சேரி தனியாக வரும். ஊர் எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதையும் அந்தக் கணக்குப்பிள்ளை தன்னை அறியாமல் சொல்லிவிட்டுப் போகிறான்.

அதே பட்டியலில் இன்னொன்றும் வருகிறது. ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால். அது ஓடும் நிலத்துக்கும் வரி கிடையாது. பணியில் இருந்த காலத்தில் முதன்முதலாக அதைப் படித்தபோது நான் திரும்பவும் படித்தேன். வாய்க்கால் இங்கே முடியவில்லை, அடுத்த ஊருக்குப் போகிறது. அது ஓடும் நிலம் இந்த ஊருக்குள் இருக்கிறது, தண்ணீரோ கீழே இருக்கிறவனுடையதும்கூட. அளந்து அளந்து வரி போட்ட அரசாங்கமே அந்த இடத்தில் கோலை மடக்கிக்கொண்டது.

இந்த ஒரு வாசகத்தை அந்த விளையாட்டுக்குள் கொண்டுவர முடியுமா என்பதுதான் என் வழக்கு. முடியும் என்றுதான் தோன்றுகிறது. கடல் மட்டம் ஏறுவதைக் கணக்குப் போடத் தெரிந்த நிரலுக்கு, மேல் நகரம் இழுத்த தண்ணீரைக் கீழ் நகரத்தில் கழிக்கத் தெரியாதா? ஊர் தன் தண்ணீரைத் தானே பார்த்துக்கொள்வதற்கும் மாதிரி இருக்கிறது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அதுதான். அது பிராமணச் சபை. சொந்த நிலமும் வேத அறிவும் உள்ள ஆண்களுக்கு மட்டும். ஆகவே அதை மக்களாட்சி என்று மேடையில் முழங்குகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் ஏரிக்கென்று தனி வாரியம் இருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவினர்களும் வர முடியாது. விதியாக வைப்பதற்கு எவ்வளவு சௌகரியமான சங்கதி!

அப்படிச் செய்தால் ஆட்டம் மெதுவாகும். ராஜா களஞ்சியம் கட்டச் சொல்வார். சபை முதலில் ஏரியைத் தூர் வார வேண்டும் என்று சொல்லிவிடும். படை கிளம்ப வேண்டிய நேரத்தில் இரண்டு நகரங்கள் மதகுக்காகப் பஞ்சாயத்துக்கு வந்து நிற்கும். அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். “இத எவன் சித்தப்பா காசு குடுத்து வாங்குவான்?” என்றான். நான் வாங்குவேன்.