எல்லோருக்கும் திறந்த போல்டர்: பழி யார் மீது?

நாலு கம்ப்யூட்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு பிரிண்டர். சிறிய ஆபீஸ் நெட்வொர்க் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் ஆபீஸ் பைல்கள் எல்லாம் ஒரே போல்டரில் இருக்கும். அதை ஷேர் செய்யும்போது எவ்ரிஒன் என்பதைத் தேர்ந்தெடுத்து, புல் கண்ட்ரோல் கட்டத்தில் டிக் செய்துவிடுவோம். இரண்டு நிமிட வேலை. அதன்பின் "போல்டர் திறக்கவில்லை" என்று யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

ஓர் ஆடிட்டர் ஆபீசுக்கு நானும் அப்படித்தான் அமைத்துக் கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் தனி யூசர் அக்கவுண்ட் வைக்கலாமா என்று கேட்டபோது, "எல்லாம் நம்ம பசங்கதான் தம்பி, பூட்டு எதுக்கு?" என்றார் ஆடிட்டர். எனக்கும் வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு செப்டம்பர் கடைசியில், டாக்ஸ் ஆடிட் வேலை தலைக்கு மேல் இருந்த நேரத்தில், ஒரு கிளையண்டின் போல்டர் காணாமல் போனது. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. நெட்வொர்க் வழியாக அழிக்கப்படும் பைல்கள் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேரடியாக அழிந்துவிடும். எனவே யாரோ அழித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். அந்தக் கிளையண்டின் கணக்கைக் கடைசியாகப் பார்த்தது, சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பெண். நேரடியாக யாரும் எதுவும் சொல்லவில்லை. பார்வையே போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை.

அன்று மாலை நான் போய் டிரைவ் முழுவதும் பெயரைக் கொடுத்துத் தேடினேன். போல்டர் பத்திரமாக இருந்தது, பக்கத்துக் கிளையண்டின் போல்டருக்குள்! மவுஸ் பட்டனை அழுத்தியபடி யாரோ தெரியாமல் இழுத்து விட்டிருக்கிறார்கள். யார் இழுத்தது என்று இன்றுவரை தெரியாது. எல்லோரும் ஒரே அக்கவுண்ட், எல்லோருக்கும் எல்லா உரிமையும் என்றால் எப்படித் தெரியும்? அந்தப் பெண் திரும்பி வரவில்லை. தவறு அவருடையது அல்ல, நான் போட்ட அந்த டிக்கினுடையது.

போல்டருக்குக் கட்டுப்பாடு வைப்பது ஊழியர்களை அவமதிப்பது போல என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஒரு போல்டரை மாற்றும் உரிமை ஒருவருக்கு இல்லை என்றால், அது காணாமல் போகும்போது அவரை யாரும் சந்தேகிக்க முடியாது. பூட்டு முதலில் காப்பாற்றுவது சாவி இல்லாதவரைத்தான்.

இதற்கு சர்வர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. போல்டர் உள்ள கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டுடன் ஒரு சாதாரண யூசர் அக்கவுண்ட் உருவாக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தராதீர்கள். பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங் ஆன் செய்யப்பட்டிருக்கட்டும். பிறகு போல்டரின் பிராப்பர்ட்டீஸில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஷேரிங் டேபில் உள்ள பர்மிஷன், நெட்வொர்க் வழியாக வருபவருக்கு மட்டும் பொருந்தும். செக்யூரிட்டி டேபில் உள்ளது, அதே கம்ப்யூட்டர் முன் அமர்பவருக்கும் பொருந்தும். இரண்டும் வேறுபட்டால், நெட்வொர்க் வழியாக வருபவருக்குக் கிடைப்பது இரண்டில் குறைவான உரிமைதான். படித்தால் போதும் என்பவருக்கு ரீட்; அதில் வேலை செய்பவருக்கு மட்டும் மாடிஃபை. செக்யூரிட்டி டேபே தெரியவில்லை என்றால், அந்த டிரைவ் என்டிஎப்எஸ் முறையில் பார்மட் செய்யப்பட்டதா என்று பாருங்கள். எப்ஏடி32 டிரைவில் இந்த வசதி கிடையாது.

ஷேர் பெயரின் கடைசியில் டாலர் குறி போட்டு மறைத்துவிட்டோம் என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அது கண்ணுக்கு மறைவு மட்டுமே. பெயர் தெரிந்தவர் டைப் செய்து உள்ளே போகப் பார்க்கலாம். அவரைத் தடுப்பது பர்மிஷன் மட்டும்தான்.

"ஒருவர் லீவு போட்டால் வேலை நின்றுவிடுமே" என்பார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு போல்டருக்கும் இரண்டு பேருக்கு மாடிஃபை உரிமை கொடுங்கள். நாலு பேருக்கும் வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்தால், அந்த யூசருக்கு எழுதும் உரிமை உள்ள ஷேர்டு போல்டர்களையும் அது பூட்டிவிட முடியும். நாலு பேருக்கும் புல் கண்ட்ரோல் இருந்தால், ஒருவர் தவறான அட்டாச்மெண்டைத் திறந்தாலே முழு ஆபீசும் நின்றுவிடும். பேக்கப்பும் அதே நெட்வொர்க்கில் அதே உரிமையோடு இருந்தால் அதற்கும் அதே கதிதான். பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

இன்று மாலை ஆபீஸ் மூடும் முன், உங்கள் ஷேர்டு போல்டரில் ரைட் கிளிக் செய்து பாருங்கள். எவ்ரிஒன் என்ற பெயருக்கு எதிரே புல் கண்ட்ரோல் இருந்தால், அந்த டிக்கை எடுத்துவிட்டு, தேவைப்பட்டவர்களின் பெயரை மட்டும் சேருங்கள். அரை மணி நேரம் ஆகலாம். நான் அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.