கொடையா, உரிமையா?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் மட்டும் உலகெங்கும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் 105 கோடி டன் உணவு வீணானது. இத்தகைய எண்களைக் காணும்போதெல்லாம், பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தா 2000-இல் வெளியிட்ட ஆவணப்படம் ஒன்று எனக்கு நினைவுக்கு வருகிறது. அதன் பிரெஞ்சுத் தலைப்பின் பொருள், ‘பொறுக்குவோரும் பொறுக்குபவளும்’.

அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்து கிடக்கும் கதிர்களை ஏழைகள் பொறுக்கிக்கொள்வது ஐரோப்பாவின் தொன்மையான வழக்கம். ஓவியர் மில்லே 1857-இல் தீட்டிய ஓவியத்தில் மூன்று பெண்கள் குனிந்து செய்வது அதைத்தான். இன்று அவ்வாறு குனிபவர்கள் யார் என்று தேடி, எழுபது வயதைக் கடந்தபின் கையடக்க டிஜிட்டல் கேமராவுடன் புறப்பட்டார் வர்தா. அளவிலும் வடிவிலும் விற்பனைக்கு ஒவ்வாதவை என்று டன் கணக்கில் கொட்டப்பட்ட உருளைக்கிழங்குகளைக் கண்டார். சந்தை கலைந்தபின் எஞ்சிய காய்கனிகளை எடுத்து உண்ணும் ஒருவரைச் சந்தித்தார். அம்மனிதர் மாலை வேளைகளில் புலம்பெயர்ந்தோருக்கு ஊதியமின்றிப் பிரெஞ்சு மொழி கற்பிப்பவர் என்பது பின்னரே நமக்குத் தெரிகிறது. அங்கி அணிந்த வழக்கறிஞர் ஒருவர் வயலில் நின்றபடி, அறுவடைக்குப் பின் பகலில் பொறுக்குவதற்குச் சட்டம் இடமளிக்கிறது என விளக்குகிறார்.

வர்தாவின் கவித்துவம் இந்தச் சமூக அக்கறையிலிருந்து பிரிக்க முடியாதது. கழிக்கப்பட்ட குவியலிலிருந்து இதய வடிவ உருளைக்கிழங்குகளை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். முதுமையால் சுருங்கிய தம் கையைத் தாமே படம்பிடிக்கிறார். தலைப்பில் உள்ள ‘பொறுக்குபவள்’ அவரேதான். தமிழில் ‘பொறுக்கி’ என்பது வசைச்சொல். வர்தாவோ அச்செயலின் பெயரைத் தமக்கே சூட்டிக்கொண்டார்.

2016-இல் பிரான்ஸ் ஒரு முன்னோடிச் சட்டம் இயற்றியது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள், உண்ணத் தகுந்த உணவை வேண்டுமென்றே கெடுத்து எறியக் கூடாது. அதைத் தொண்டு நிறுவனங்களுக்கு அளிக்க ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வரவேற்கத்தக்க சட்டம்தான். வயலுக்குச் சென்று குனிய இயலாதவர்களுக்கும் அதனால் உணவு கிடைக்கிறது. ஆயினும், ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. பழைய வழக்கத்தில் எளியவர் எவரிடமும் கையேந்தாமல் எடுத்துக்கொண்டார். புதிய ஏற்பாட்டிலோ எதை, எப்போது தருவது என்பதைத் தருபவரே முடிவு செய்கிறார். பெறுபவர் வரிசையில் காத்திருக்கிறார். மிகையாகக் குவித்து, தோற்றத்தைக் காரணம் காட்டிக் கழித்துவிடும் வணிகமுறையும் கேள்விக்கு உள்ளாகாமல் தப்பிவிடுகிறது.

உணவு விரயத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றும் எந்த அரசும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மிஞ்சிய உணவைப் பசித்தவரிடம் சேர்ப்பது பாதி வேலைதான். அது அவருக்கு உரியது என்று ஏற்பதே மறுபாதி. வர்தா 2019-இல் மறைந்தார். அவருடைய கேமரா சுட்டிக்காட்டிய அந்த மறுபாதி இன்னும் நிறைவேறாமலே இருக்கிறது.